தாய்மாமன் ஆட்டத்தில் இருக்கிறார்

குரும்பலூர் ராசாத்தியின் மகள் வேம்புக்கு மூன்றாவது வயது நடந்துகொண்டிருந்தது. இன்னும் காது குத்தவில்லை. காரணம் தெருவுக்கே தெரியும். காது குத்தும்போது பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். அந்தத் தாய்மாமன் தர்மன், அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், இரண்டு வருஷமாகக் கோபத்தில் இருந்தார். தங்கச்சி புது வீடு குடிபோனபோது வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து அழைக்கவில்லை, ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்பது கோபம்.

குழாயடியில் பெண்கள் ராசாத்தியை விடுவார்களா? "என்னாடி, ஒங்கண்ணன் எப்ப மல எறங்கி வரப்போறாரு? புள்ள மூளிக்காதோடவே சமைஞ்சிடும்போல இருக்கு."

"சமைஞ்சா சமையட்டும். எங்கண்ணன் மடியிலதான் குத்துவேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்குவாள். மாமியார் சொன்னாலும் அதே பதில். புருஷன் உத்திராபதி, "ஒங்க சித்தப்பன் மவன் ஒருத்தன் இருக்கானே, அவன் மடியில வச்சிக் குத்திப்புடலாம்" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்து, அன்றைக்குச் சோறு கிடைக்காமல் போனார்.

கடைசியில் தர்மனை இறக்கிக் கொண்டுவந்தது அவர் பெண்டாட்டி பொன்னாயிதான். எப்படிப் பேசினாள், எத்தனை நாள் பேசாமல் இருந்தாள் என்பதெல்லாம் அவளுக்குத்தான் வெளிச்சம். எண்பத்தேழாம் வருஷம் ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அய்யனார் கோயிலில் காது குத்து என்று முடிவானது. சனிக்கிழமை சாயங்காலமே புருஷனும் பெண்டாட்டியும் சீர்ச் சாமான்களோடு குரும்பலூர் வந்து இறங்கினார்கள். அண்ணனைப் பார்த்ததும் ராசாத்தி உள்ளே ஓடினாள். பிள்ளையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள்.

இப்படி வந்த மனுஷன்தான் அடுத்த நாள் காலையில் அந்தக் காரியம் செய்தார்.

பக்கத்துத் தெருவில் குழந்தைவேல் என்று ஒருத்தன். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்தான். வரும்போது ஒரு கலர் டிவி கொண்டுவந்தான். மூங்கிலில் ஏரியல் கட்டி எவ்வளவு உயரத்தில் ஏற்றினாலும் குரும்பலூரில் அதில் ஒன்றும் தெரியவில்லை, பொரி கொட்டியது மாதிரி புள்ளிதான் ஓடியது. ஆனால் டிவியோடு ஒரு விளையாட்டுப் பெட்டியும் வந்திருந்தது. ஒயரை மாட்டினால் போதும், படம் கண்ணாடி மாதிரி வரும். அதற்கு இரண்டு கேசட். ஒன்று புதுசு, கார் ஓட்டுகிற ஆட்டம். இன்னொன்று பழசு. சிங்கப்பூரில் தேக்கா மார்க்கெட் பக்கம் பழைய சாமான் கடையில் பெட்டியோடு சேர்த்துச் சும்மா கொடுத்தது. பேஸ்பால்.

சனிக்கிழமை சாயங்காலம் பந்தலுக்கு மைக் செட் ஒயர் இழுக்கப் போன தர்மன், குழந்தைவேல் வீட்டில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். உள்ளே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது அரியமுத்து ஆசாரி. நாளைக்குக் காது குத்தப் போகிற தட்டார் அவர்தான். சுத்துப்பட்டில் பாதிக் காது அவர் குத்தியது.

"வாங்க லாரிக்காரரே. கிட்டிப்புள்ளு ஆடுவிங்களா?" என்றார் ஆசாரி, திரும்பாமலே.

"ஆடுவனாவா? எங்கூர்ல எங்கிட்ட புள்ளு புடிக்க ஆளு கெடையாது."

"அப்ப இந்தாங்க, புடிங்க" என்று கையில் ஒரு சின்னப் பலகையைக் கொடுத்தார். அதில் இரண்டே பொத்தான்.

முதலில் தர்மனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பச்சைத் தரையில் சாய்ந்த கட்டம். நாலு மூலையில் நாலு வெள்ளைப் பை. மனுஷர்கள் என்று பேர், தீக்குச்சி மாதிரி இருந்தார்கள். மூஞ்சி கிடையாது. ஒருத்தன் நடுவில் நின்று பந்து எறிகிறான். நாம் அடித்தால் நம் ஆள் மூலை மூலையாக ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். வந்தால் ஒன்று.

"கிரிக்கெட்டு மாதிரியா?" என்று கேட்டார்.

"கிரிக்கெட்டும் இல்ல, கிட்டிப்புள்ளும் இல்லண்ணே" என்றான் குழந்தைவேல். "ஆளுக்கு ஒம்போது தரம் அடிக்கணும். மூணு பேரு அவுட்டானா மாத்திக்கணும். ரெண்டு பேரும் சமமா நின்னா, ஒருத்தரு ஜெயிக்கிற வரைக்கும் போயிக்கிட்டே இருக்கும்."

"டிரா கெடையாதா?"

"கெடையாதுண்ணே."

அந்தப் பதில் தர்மனுக்குப் பிடித்துப் போனது. முதல் பந்தை விட்டார். இரண்டாவதையும் விட்டார். மூன்றாவதில் பொத்தானை அழுத்தினார். 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், நல்ல வேப்பங்கட்டையில் புள்ளு சரியாகப் பட்டால் வருமே, அந்தச் சத்தம். தீக்குச்சி மனுஷன் ஓடினான். தர்மன் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

பிறகு கார் ஆட்டத்தையும் போட்டுக் காட்டினான் குழந்தைவேல். தர்மனுக்கு அது பிடிக்கவில்லை. "நாள் பூரா நான் ஓட்டுறது பத்தாதா? அத எடுத்துட்டு அந்தப் பழசப் போடுடா" என்றார். கார் ஆட்டத்தில் தனியாகப் போய்த் தனியாக முட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதில் அப்படியில்லை. பக்கத்தில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறான். அவன் வேகமாக எறிவானா, மெதுவாக எறிந்து ஏமாற்றுவானா என்று அவன் கட்டை விரலைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். மூஞ்சி இல்லாத ஆட்களுக்கு நாமே மூஞ்சி வைத்துக்கொள்ளலாம். எறிகிறவனுக்கு தர்மன் தன் குவாரி மேஸ்திரி மூஞ்சியை வைத்தார். வைத்த பிறகு அடி இன்னும் சுத்தமாக விழுந்தது.

அன்று சாயங்காலம் ஆசாரி ஜெயித்தார். காதில் பொட்டு வைத்துக் குத்துகிற கண்ணல்லவா!

"ஒங்கூர்ல புள்ளு புடிக்க ஆளு கெடையாதுன்னியளே, நெசந்தான். ஒங்களயும் சேத்து" என்று ஆசாரி சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அந்தச் சொல் ராத்திரி முழுக்க தர்மனைக் குடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெண்கள் பிள்ளைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார்கள். தர்மன் குளித்து, புது வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி இட்டுத் தயாராக நின்றார்.

"ஏங்க, எங்க கெளம்பிட்டிங்க?" என்றாள் பொன்னாயி.

"கோயிலுக்குத்தான். பந்தல பாத்துட்டு அங்கயே இருக்கேன். நீங்க சீரு தூக்கிக்கிட்டு வாங்க."

பொய் சொல்லவில்லை. கோயிலுக்குத்தான் போனார். குழந்தைவேல் வீடு கோயிலுக்குப் பின்பக்கம். அங்கே ஆசாரி ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆயுதப் பெட்டியை அவர் சம்சாரம் சுந்தராம்பாள் கோயிலுக்கு எடுத்துப் போயிருந்தாள். குழந்தைவேல் வீட்டு ஆட்கள் எல்லோரும் கோயிலில்.

"ஒரே ஒரு ஆட்டம். நேரம் கெடக்கு" என்றார் தர்மன்.

"சீக்கிரம் முடிச்சிக்குங்கண்ணே. எல பத்தலையாம், நான் பெரம்பலூர் போயி வாங்கிட்டு வந்துடுறேன்" என்று குழந்தைவேல் சைக்கிளை எடுத்தான். போகிற போக்கில் தெருப் பிள்ளைகள் நுழையாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

ஒன்பதாவது சுற்று முடிந்தது. சமம்.

"போயிட்டு வந்து ஆடிக்கலாமா?" என்றார் ஆசாரி.

"பாதியில எந்திரிச்சா தோத்தாப்புலதான். எங்கூரு வழக்கம் அது. நீங்க எந்திரிச்சா நான் ஜெயிச்சேன்."

"நான் ஏன் எந்திரிக்கிறன்?"

பத்து. சமம். பதினொன்று. ஆசாரி ஒன்று எடுத்தார், தர்மனும் ஒன்று எடுத்தார்.

அப்போதுதான் கோயில் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு நின்று மைக்கில் ஆள் பேசுகிற சத்தம் கேட்டது. கதவு சாத்தியிருந்ததால் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் 'தாய்மாமன் தர்மன் அவர்கள்' என்பது மட்டும் கணீரென்று வந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி 'தாய்மாமன் தர்மன் அவர்கள்'. மறுபடியும்.

"ஒங்க சீர படிக்கிறாங்க" என்றார் ஆசாரி.

அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். சீர் வந்து இறங்கியதும் மைக்கில் படிப்பார்கள். தாய்மாமன் பேரைச் சொல்லிக் குடம் என்பார்கள், மறுபடி பேரைச் சொல்லிப் பட்டுப் பாவாடை என்பார்கள். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தரம் பேர். தர்மனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு வருஷம் கோபித்தாலும் மாமன் மாமன்தான், ஊர் கேட்கட்டும் என்று நினைத்தார். பேர் இன்னும் நாலைந்து தரம் வந்தது.

"என்ன இவ்வளவு சாமானா கொண்டாந்திய?" என்று ஆசாரியே ஆச்சரியப்பட்டார்.

"பொன்னாயி வாங்குனா. எனக்குக் கணக்குத் தெரியாது. பந்தப் போடுங்க."

நேரம் ஆகிறதே என்ற நினைப்பு இரண்டு பேருக்கும் வராமல் இல்லை. வந்தது. வந்தபோதெல்லாம் தர்மன் ஆசாரியைப் பார்த்தார். குத்துகிறவர் இங்கே இருக்கிறார், காது எங்கே போய்விடும்? ஆசாரி தர்மனைப் பார்த்தார். மடி இங்கே இருக்கிறது, அது இல்லாமல் யார் குத்துவார்கள்? இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஜாமீன் வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

மைக்கில் மறுபடி பாட்டுப் போட்டார்கள். பதினாலாவது சுற்றும் சமமாக நின்றது.

கதவு திறந்தது. குழந்தைவேல். நெற்றியில் சந்தனம், வாயில் வெற்றிலை. இவர்களைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"அண்ணே, இன்னும் இங்கயா இருக்கிங்க? அப்பவே முடிச்சிட்டுக் கெளம்பிட்டிங்கன்னுல்ல நெனச்சேன்."

"இரு இரு, ரெண்டு பேரு அவுட்டு."

"அண்ணே, நான் எலயோட வர்றதுக்குள்ள காது குத்தியாச்சு. மொதப் பந்தி முடிஞ்சிருச்சு. நானே சாப்புட்டுட்டு வரேன். நீங்க மறுபடி கோவிச்சிக்கிட்டு ஊருக்குப் போயிட்டிங்கன்னு பேசிக்கிறாங்க அங்க."

தர்மன் பலகையைக் கீழே போட்டார். "யாரு மடியில?" என்று கேட்டார்.

"யாரு குத்துனா?" என்று கேட்டார் ஆசாரி, அதே மூச்சில்.

குழந்தைவேல் யாருக்கு முதலில் பதில் சொல்வது என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தர்மன் அதற்கு நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டக்கூட மறந்து ஓடினார். செருப்பு அங்கேயே கிடந்தது.

பந்தலில் இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. அய்யனார் சன்னதிக்கு முன்னால் மனைப்பலகையில் பொன்னாயி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் வேம்பு, அழுது ஓய்ந்து, வாயில் கற்கண்டோடு. இரண்டு காதிலும் மஞ்சள் அப்பியிருந்தது. மஞ்சளுக்கு நடுவில் பொட்டு மாதிரி கம்பி மின்னியது. பொன்னாயி கழுத்தில் மாலை. தோளில் ஜரிகைத் துண்டு. காது குத்தி முடிந்ததும் தாய்மாமனுக்குப் போடுகிற மரியாதைத் துண்டு அது. அது இவர் தோளுக்கு என்று எடுத்தது.

தர்மன் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பொம்பளை மடியில் காது குத்தி அவர் கேள்விப்பட்டதே இல்லை. குத்தியிருக்கிறார்கள். பந்தல் விழவில்லை, அய்யனார் கோபிக்கவில்லை, ஜனங்கள் ரசத்துக்கு இலையை வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மைக்குல தொண்ட கிழிய கூப்புட்டோம் மச்சான்" என்றார் உத்திராபதி. "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆளு போயிட்டு வந்துட்டான். நல்ல நேரம் போயிக்கிட்டே இருந்துச்சு."

கூப்பிட்டிருக்கிறார்கள். சீர் படிக்கவில்லை.

"பெரியவங்கள்லாம் மாமன் மடி இல்லாம ஆவாதுன்னாங்க" என்றாள் பொன்னாயி. குரலை உயர்த்தவில்லை. "சீரு சொமந்துட்டு வந்தது என் தலதான், மடி மட்டும் ஆவாதான்னு கேட்டேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஒக்காந்துட்டேன்."

"குத்துனது?"

"நான்தான்" என்றாள் சுந்தராம்பாள், இலையிலிருந்தபடியே. பின்னால் மூச்சு வாங்க வந்து நின்ற ஆசாரியைப் பார்த்து, "பொட்டி அங்க இருக்கு, ஊசியத் தொடச்சி வைங்க" என்றாள். பந்தி முழுக்கச் சிரித்தது. ஆசாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார்.

தர்மன் தங்கச்சியைத் தேடினார். சாம்பார் வாளியோடு வந்தாள். திட்டுவாள், அழுவாள், திட்டினால் காலிலேயே விழுந்துவிடலாம் என்று நின்றார்.

"எங்கண்ணே போயிட்ட?"

பேஸ்பால் என்று எப்படிச் சொல்வது? "ஆட்டத்துல இருந்துட்டேன் ஆத்தா" என்றார்.

ராசாத்தி வாளியைக் கீழே வைத்தாள். கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூட அவளுக்குப் புரிந்திருக்கும். "கோவம் இல்லயே?" என்று கேட்டாள்.

"இல்ல ஆத்தா. கோவமே இல்ல."

"சரி. கை கழுவிட்டு ஒக்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றப் போய்விட்டாள். இரண்டு வருஷம் ஊர்ப் பேச்சை எல்லாம் தாங்கிக்கொண்டு இந்த மடிக்காகக் காத்திருந்தவள். அவ்வளவுதான் கேட்டாள்.

சாயங்காலம் பெரம்பலூர் வந்து அரியலூர் பஸ் ஏறினார்கள். பொன்னாயி மாலையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். துண்டைக் கழற்றவில்லை. தர்மன் இரண்டு தரம் அதைப் பார்த்தார். கண்டக்டர் பழக்கமான ஆள், குவாரி லைனில் ஓடுகிறவர்.

"என்னக்கா, துண்டெல்லாம் பெலமா இருக்கு?"

"காது குத்துல போட்டாங்க. தாய்மாமன் துண்டு."

"யாரு தாய்மாமன்?"

"நான்தான்."

கண்டக்டர் சிரித்தபடி தர்மன் பக்கம் கையை நீட்டினார். "அப்ப அண்ணன் யாரு?"

"கூட வந்தவரு" என்றாள் பொன்னாயி. "டிக்கெட்டு அவருக்கிட்ட வாங்கிக்க."

தர்மன் சட்டைப்பையில் கையை விட்டார். "அரியலூர் ரெண்டு" என்றார்.