பிங்கோ பந்துகள் உருண்ட இரவு

ரோடி ரேபீஸை வட இங்கிலாந்தின் ஆக்ரிங்டன் ஊரில் தெரியாதவர் கிடையாது. 1977-இல் வெட் சிமெண்ட் என்ற பங்க் ராக் குழுவில் முன்னால் நின்று கத்தியவர். பெற்றோர் வைத்த பெயர் கெனத் பிக்கர்ஸ்டாஃப். சட்டம் வேண்டாம், அரசாங்கம் வேண்டாம் என்று மேடையில் தொண்டை கிழியப் பாடியவர், குழு கலைந்ததும் நகராட்சியில் சேர்ந்து, தப்பான இடத்தில் நிற்கும் கார்களுக்கு முப்பத்தொரு வருடம் அபராதச் சீட்டு எழுதி ஓய்வு பெற்றார்.

குழுவுக்கு மிஞ்சிய சொத்து ஒரு கதைதான். ரயில்வே சாலை தொழிலாளர் கிளப்பில் கச்சேரி நடக்கிறது. பாதியில் கிளப்பின் கச்சேரிச் செயலாளர் பிளக்கைப் பிடுங்கி, பிங்கோவுக்கு நேரமாச்சு, இறங்குங்கடா என்கிறார். ரோடி, எண் கூப்பிட்டு ஆடும் அந்தப் பிங்கோ ஆட்டத்தின் பெட்டியை எட்டி உதைக்க, தொண்ணூறு பந்துகளும் தரையெல்லாம் உருள்கின்றன. அந்தச் செயலாளர் வேறு யாருமில்லை, ரோடியின் அப்பா ஹரால்ட். "பெத்த அப்பனே என் கழுத்தை நெரிச்சான்" என்று ரோடி சொல்லாத பேட்டி இல்லை. கிளப்பில் நூற்றிருபது நாற்காலிதான். அன்றைக்கு நேரில் பார்த்தேன் என்பவர்கள் ஊரில் இரண்டாயிரம் பேராவது தேறுவார்கள்.

இப்போது லண்டன் கம்பெனி ஒன்று அந்தக் காலத்து ஒத்திகைப் பதிவுகளையும் கிளப் கச்சேரியையும் இசைத்தட்டாக மறுபடி வெளியிடக் கிளம்பியிருந்தது. இமோஜென் என்ற இளம்பெண்ணை அனுப்பியிருந்தார்கள். ஒத்திகைப் பதிவு ஒரு கறிக்கடையின் குளிர் அறையில் எடுத்தது. ஒரே பாட்டு, ஏழு தடவை. ஏழிலும் கிடார்காரன் ஒரே இடத்தில் நின்றுவிடுவான்.

"அடுத்த சுரத்துக்குப் போக மறுக்கறாரு பாருங்க, என்ன துணிச்சல்" என்றாள் இமோஜென்.

"மறுக்கலை கண்ணு, அவனுக்கு அது வராது" என்றார் டிரம்ஸ் வாசித்த நார்மன் டக்ஸ்பரி. அவள் 'மறுப்பு' என்று குறித்துக்கொண்டாள்.

கச்சேரி நாடா நார்மன் வீட்டுப் பரணில் கிடந்தது. அன்று மேடை ஓரத்தில் ரெக்கார்டர் வைத்தது அவர்தான். பழைய நாடா ஒட்டிக்கொள்ளும் என்பதால் கம்பெனியில் அதை அடுப்பில் இளஞ்சூட்டில் வைத்து எடுத்து, ஒரே தடவை ஓடவிட்டார்கள். அதோடு அதன் மேல்பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. மிஞ்சியது இமோஜெனின் மடிக்கணினியில் இருந்த ஒரே பிரதி. ஒரு செவ்வாய்க்கிழமை நார்மன் வீட்டுக் கூடத்தில் ரோடிக்கு அதைப் போட்டுக் காட்டினாள். நார்மன் டீ போட அடுக்களைக்குப் போனார்.

மூன்று பாட்டு வரை ஒரே இரைச்சல், ரோடிக்குப் பெருமை தாங்கவில்லை. நாலாவது பாட்டின் நடுவில் மைக்கில் ஒரு நிதானமான குரல் கேட்டது.

"தம்பிங்களா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க. கறி அடைச்ச பை பலகாரம் வந்தாச்சு, அடுப்புச் சூட்டோட இருக்கு. எல்லாரும் வரிசையில போய் வாங்கிக்குங்க. அப்புறம் பிங்கோ."

வாத்தியங்கள் மறுபேச்சில்லாமல் நின்றன. யாரும் பிளக்கைப் பிடுங்கவில்லை. பிறகு ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் மெல்லிய குரல்: "சரிப்பா. எங்களுக்கும் ரெண்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கப்பா."

நாற்பத்தேழு வருடமாக ரோடி கட்டிக்காத்த மானம் ஒரு கறிப் பையில் போய்விடும் போலிருந்தது.

"நிறுத்து. இதை அழிச்சிடு."

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. கேட்டுட்டு முடிவு பண்ணுங்களேன்."

"நான் அங்க இருந்தவன். எனக்குத் தெரியாதா?"

"எங்களுக்கும் அதுதான் வசதி. பந்து உருள்ற படத்தோட அட்டை அச்சுக்குப் போயாச்சு. லண்டன் போனதும் எடுத்துடறேன்."

"போனதும் இல்ல. இப்பவே, என் கண்ணு முன்னாடி."

"வேற பிரதி கிடையாதுங்க."

"அதுக்குத்தான் சொல்றேன்."

அவள் பாட்டுகளைத் தனியாக வெட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்தாள். அபராதச் சீட்டு எழுதிய கை அல்லவா, கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொல்லி நின்று பார்த்த பிறகுதான் ரோடி உட்கார்ந்தார்.

நார்மன் டீத் தட்டோடு வந்தார். "முழுசும் கேட்டியாடா?"

"கேட்ட வரைக்கும் போதும். மிச்சத்தை அழிச்சாச்சு."

"உங்கப்பா பேசினதையுமா?"

"பை வந்தாச்சுன்னாரு. அதை ஊரே கேக்கணுமா?"

"அது இல்லடா. நீ வரிசைக்குப் போன பிறகு பேசினாரே, அது."

ரோடிக்கு ஒன்றும் ஓடவில்லை. வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றது மட்டும் ஞாபகம் இருந்தது. நார்மன் டிரம்ஸின் கழன்ற திருகை முடுக்கிக்கொண்டு மேடையிலேயே இருந்திருக்கிறார்.

"மைக்கைப் பிடிச்சிக்கிட்டு சொன்னாரு. 'இந்தப் பசங்க போடற சத்தம் எனக்கு ஒரு எழவும் புரியல. ஆனா முன்னால நின்னு கத்தறவன் என் பையன். மூணு வாரமா குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டுப் பழகறான். சாப்பிட்டதும் யாரும் கிளம்பிடாதீங்க. கடைசி வரைக்கும் இருந்து கைதட்டிட்டுப் போங்க.' ரெண்டு தடவை சொன்னாரு. அதனாலதான் ஒருத்தரும் எழுந்து போகல. நம்ம பாட்டுக்குன்னா நினைச்சே?"

"ஏண்டா இத்தனை வருஷமா சொல்லல?"

"முதல் பேட்டியிலேயே நீ பந்தை உதைச்சிட்டே. அதைப் படிச்சிட்டு உங்கப்பா என் வீட்டுக்கு வந்தாரு. 'அவன் பொழைப்புக்கு அது உதவுதுன்னா இருந்துட்டுப் போகட்டும், நீ வாயைத் திறக்காதே'ன்னாரு."

ஹரால்ட் இறந்து நாற்பது வருடமாகிறது. வீட்டில் போட்டோ உண்டு, குரல் எங்கேயும் இல்லை. ரோடி இமோஜெனிடம் மூன்று தடவை கேட்டார். அவளும் கம்பெனிக்குப் போன் போட்டு, என்னென்னவோ அமுக்கிப் பார்த்து, கடைசியில் உதட்டைப் பிதுக்கினாள். தன் கையாலேயே அப்பாவை இன்னொரு தடவை சாகடித்துவிட்டோம் என்று ரோடிக்குத் தோன்றியது.

வெளியீட்டு விழா மான்செஸ்டரில் ஒரு இசைத்தட்டுக் கடையில் நடந்தது. வாந்தி நிறத்தில் தட்டு. அறுபது வழுக்கைத் தலைகளும், அவர்களுக்குப் பின்னால் கொஞ்சம் இளசுகளும் நின்றார்கள். ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"அப்பா பிளக்கைப் பிடுங்கின கதையை உங்க வாயால சொல்லுங்க, ரோடி."

ரோடி மைக்கை வாங்கினார். "அவர் எதையும் பிடுங்கல. பை வந்தாச்சுன்னு சொன்னாரு. நான் சரிப்பான்னு போய் வாங்கித் தின்னேன்."

கூட்டம் சிரித்தது. அப்பா மைக்கில் பேசியதையும் ரோடி அப்படியே சொன்னார். குளியலறைக் கதவு வந்தபோது கடையே அதிர்ந்தது. கிழவருக்குக் குறும்பு போகவே இல்லை என்று யாரோ சொன்னார்கள். "நான் நிஜத்தைத்தான் சொல்றேன்" என்றார் ரோடி. சிரிப்பு இரண்டு மடங்கானது. அடுத்த பதிப்புக்கு இதையே பதிவு செய்யலாம் என்று இமோஜென் நார்மனின் காதில் சொன்னாள்.

"அந்த ஆளு இப்ப இங்க இருந்தா என்ன சொல்லுவாரு?" என்று அந்தப் பையன் கேட்டான்.

"உங்களையெல்லாம் கைதட்டச் சொல்லுவாரு" என்றார் ரோடி.

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே கைதட்டினார்கள். ரோடி அழுதுகொண்டிருந்தார். பிரமாதமான நடிப்பு என்று பின்வரிசையில் விசிலடித்தார்கள்.