லாம்பர்ட்டைத் தொட்டவர்கள்

செத்துக் கிடந்த லாம்பர்ட்டின் மார்பு முதன்முதலில் ரத்தம் விட்டது சலவைக்காரி மேபலின் கை பட்டபோதுதான். ஆகவே மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவளைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். லாம்பர்ட் இறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வின்மோர் கோட்டையின் பெரிய மண்டபத்தில், விருந்து நாளில் பன்றியை வைக்கும் நீள மேசையில் அவனைக் கிடத்தி, அரண்மனை ஆட்களை வரிசையாக வரச் சொல்லியிருந்தார்கள். கொன்றவன் கை பட்டால் பிணம் ரத்தம் விடும் என்பது இங்கிலாந்தில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நீதிபதி காசு வாங்குவார், சாட்சி பயப்படுவான், பிணத்துக்கு இரண்டு கவலையும் கிடையாது என்பதால் அதன் பேச்சுக்கு மறுபேச்சு இருந்ததில்லை. முட்டி வீங்கிய கிழவி ஈட்டியை எப்படித் தூக்கியிருப்பாள் என்று ஒரு காவலாளி கேட்டான். அவனையே அடுத்ததாகக் கூப்பிட்டார்கள்.

லாம்பர்ட் அரசரின் பந்தியில் இறைச்சி வெட்டிப் பரிமாறுகிறவனாக இருந்தான். பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே கிடைக்கிற வேலை அது. ஆள் அழகன், கத்தி பிடிப்பதில் கெட்டிக்காரன், மற்றபடி மண்டையில் ஒன்றும் கிடையாது. அன்னப்பறவை வெட்டினால் நெஞ்சுக் கறியை ராணி ஏவிஸுக்கு வைப்பான், கால் துண்டை அரசருக்கு வைப்பான். அரசருக்குக் கடித்து இழுத்துத் தின்பதுதான் பிடிக்கும். இதில் யாரும் எதையும் பார்க்கவில்லை, ராணியே பார்க்கச் சொல்லும்வரை. ஒரு நாள் படுக்கை விரிப்புகளை எடுத்துக் கொடுக்கும்போது அவள் மேபலிடம் சாதாரணமாகச் சொன்னாள்: “அந்த லாம்பர்ட் நல்ல துண்டெல்லாம் எனக்கே வைக்கிறான். எதுக்குன்னுதான் தெரியல.” அவ்வளவுதான். மேபல் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது முளைத்துவிட்டது.

“துண்டு மட்டும் வைக்கிறானாம், நம்புங்கடி,” என்றாள் மேபல், துணியை அடித்துக்கொண்டே. “தலகாணியில ரெண்டு தலைக்குப் பள்ளம் கெடக்கு. ராஜாவோ பிரான்சுல சண்ட போட்டுக்கிட்டு இருக்காரு. அவரு தல மட்டும் வந்து படுத்துட்டுப் போச்சா?”

பள்ளம் உண்மைதான். ஆனால் அந்த இரண்டாவது தலை லாம்பர்ட்டுடையது அல்ல. அரண்மனைக் கோயிலில் சங்கீதம் பாடும் இளம் பாதிரியார் ஆல்ரெட்டுடையது. அவன் பேரை யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான், குரைக்கும் நாய்க்கு எலும்பை வீசுவதுபோல, ஏவிஸ் லாம்பர்ட்டின் பேரை வீசினாள். அவளுக்கு ஆல்ரெட் என்றால் உயிர். அவன் பாடினால் கண்ணை மூடிக்கொள்வாள், குளிர் என்று சொல்லி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். ஆல்ரெட்டும் சும்மா இருக்கவில்லை. தன்மேல் சந்தேகம் வரக் கூடாதென்று, ராணி சொன்னபடியே, லாம்பர்ட் கதையை மற்ற எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னவன் அவன்தான். ராணியின் அறையில் எந்தப் பலகை முனகும், எந்தத் திரை இழுத்தால் சிக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும் என்பதால் கதை நன்றாகவே அமைந்தது. சமையல்கட்டில் சொன்னார்கள், குதிரை லாயத்தில் சொன்னார்கள், பாவசங்கீர்த்தனத்தில்கூடத் தங்கள் பாவத்தை விட்டுவிட்டு இதைச் சொன்னார்கள். லாம்பர்ட்டின் காதுக்கும் வந்தது. அவன் மறுத்திருக்கலாம், மறுக்காமல் மீசையைத் தடவிச் சிரித்தான், முட்டாள்.

அரசர் பிரான்சிலிருந்து திரும்பினார், கேட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. வேட்டை நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஹேமோவை அழைத்து, பன்றி குத்தும் ஈட்டி கூராக இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார். ஹேமோ நாய்களோடு அன்றி மனிதரோடு பேசாதவன். மறுநாள் காலையில், நாய்க்கொட்டடிச் சந்தில், லாம்பர்ட்டின் முதுகில் பாய்ந்த ஈட்டி நெஞ்சு வழியாக வெளியே வந்தது. ஹேமோ அவனை அப்படியே சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். லாம்பர்ட் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த அலகை இரண்டு கையாலும் பிடித்துத் திரும்ப உள்ளே தள்ளப் பார்த்தான். விரல்கள் அறுந்து விழுந்தன, அவற்றை நாய்கள் எடுத்துக்கொண்டு போயின. அடங்க நேரமாயிற்று. பிறகு ஹேமோ ஈட்டியைக் கழுவி வைத்துவிட்டு நாய்களுக்குக் கஞ்சி ஊற்றினான்.

லாம்பர்ட்டின் தகப்பனார் தர்ஸ்டன் பிரபு வடக்கு எல்லையின் காவலர். அவர் குதிரைப்படையோடு வந்து கோட்டைக்கு வெளியே கூடாரம் அடித்துவிட்டு, பிணத்தை எல்லோரும் தொட வேண்டும் என்றார். அவரைப் பகைத்துக்கொண்டால் ஸ்காட்லாந்துக்காரன் உள்ளே வந்துவிடுவான். ஆகவே அரசர் சரி என்றார். பழி தீரும்வரை மகனைத் தொடுவதில்லை என்று தர்ஸ்டன் சபதம் செய்து, கையுறையோடு மேசையின் தலைமாட்டில் நின்றார். மேபலின் கை பட்டதும் காய்ந்து கறுத்திருந்த புண் திறந்து, அப்போதுதான் அறுத்ததுபோலச் சிவப்பாக ஓடியது. அவளை இழுத்துக்கொண்டு போனபோது அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

“நான் குத்தல பிரபு. சொன்னேன். ஊரே சொல்லிச்சு, நானும் சொன்னேன். சொன்னதுக்கெல்லாம் கயிறா?”

“எம் மகன் ரத்தம் பொய் சொல்லாது,” என்றார் தர்ஸ்டன்.

அடுத்து அந்தக் காவலாளி, ரத்தம். தலைமைச் சமையல்காரர் ரால்ஃப் சூடான காடியில் கை கழுவிக்கொண்டு வந்தார், ரத்தம். லாயக்காரர்கள், தாதிகள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறவன், எல்லோருக்கும் ரத்தம். வாசல் உத்தரத்தில் இடம் போதாமல் முற்றத்து ஓக் மரத்துக்கு மாறினார்கள். குழந்தைகளை உள்ளே அடைத்துவிட்டு, காகங்களை விரட்ட ஒருத்தனை நிறுத்தினார்கள். மறுநாள் அவனும் மேலே தொங்கினான். பிணம் ஈட்டியைத் தேடவில்லை, நாக்கைத்தான் தேடுகிறது என்பது வரிசையில் நின்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் தானும் சொன்னவன் என்று ஆகிவிடும். ஆகவே அவரவரும், தன் விஷயத்தில் மட்டும் லாம்பர்ட் மறந்துபோயிருப்பான் என்று நம்பிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள்.

நடுவில் அரசருக்குப் பொறுமை போய், வந்து இரண்டு கையையும் புண்ணின்மேல் வைத்தார். ஒரு சொட்டு இல்லை. அவர் கேட்டாரே தவிர, அந்தக் கதையை ஒரு முறையும் வாயால் சொன்னதில்லை. அரசர் குற்றமற்றவர் என்று பிஷப் கோயில் மணியை அடிக்கச் சொன்னார். பிறகு ஹேமோ வந்து, நாயைத் தட்டிக்கொடுப்பதுபோல லாம்பர்ட்டைத் தட்டிக்கொடுத்தான். அவன் உள்ளங்கையும் காய்ந்தே இருந்தது. அவனுக்கு ஒரு குவளை பீர் கொடுத்து அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் ஆல்ரெட்டின் முறை வந்தது. ராணி அவனுக்குப் பின்னால் நின்றாள். அவன் கழுத்து நடுங்குவதை அவள் பார்த்தாள். அவன் எவ்வளவு சொல்லியிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். சொல்லச் சொன்னவளே அவள்தான். இந்தக் கழுத்தைக் காப்பாற்றத்தான் மேசையில் ஒருத்தன் கிடக்கிறான், மரத்தில் இத்தனை பேர் தொங்குகிறார்கள். இப்போது இதுவும் போகப்போகிறது. அவளால் தாங்க முடியவில்லை. “தள்ளி நில்லுங்க சாமி,” என்று அவன் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, முன்னால் போய்க் கையைப் புண்ணுக்குள்ளேயே வைத்தாள். ரத்தம் அவள் முழங்கைவரை ஏறி, எதிரே நின்ற தர்ஸ்டனின் முகத்தில் தெறித்தது. பிரான்சிலிருந்து வந்த பிறகு அரசர் அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

“மொதல்ல சொன்னது நான்தான்,” என்றாள் ஏவிஸ். “உங்க மகன் என் விரலக்கூடத் தொட்டதில்ல. வேற ஒருத்தருக்காக இவர மாட்டிவிட்டேன். என்னோட நிறுத்திக்குங்க.”

“யாரு அந்த ஒருத்தன்?”

“சொல்ல மாட்டேன். ஒரு தடவ ஒரு பேரச் சொல்லிப் பாத்துட்டேன்.”

ராணியைத் தூக்கில் போடுவதென்றால் சலவைக்காரியைப் போடுவதுபோல முடியாது. குற்றம் சாட்டுகிறவர் பிணத்தின் மார்பில் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். தர்ஸ்டன் கையுறையைக் கழற்றினார். கையை வைத்தார். விரல் இடுக்கில் ரத்தம் கசிந்து மேலே வந்தது. ராணி கிளப்பிவிட்ட ரத்தத்தின் மிச்சம் என்று அவருடைய ஆட்கள் சொன்னார்கள். அவர் சட்டைக் கையால் புண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இந்த முறை கொட்டியது. கிழவர் வெகுநேரம் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க ஊர்ல, பந்தியில வச்சுச் சொன்னேன்,” என்றார். “எம் பய ராணி மெத்தையில படுக்கிறான்னு. பெருமையா இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாளும் சொன்னேன்.”

அவர் தாமாகவே முற்றத்துக்கு நடந்தார். ஆட்கள் காலில் விழுந்தார்கள். சலவைக்காரிக்கு என்ன கயிறோ அதுதான் எனக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். முடிச்சு சரியாக விழாமல் வெகுநேரம் துடித்தார். கடைசியில் அவருடைய படைத்தலைவனே அழுதுகொண்டு காலைப் பிடித்துத் தொங்கினான். குற்றம் சாட்ட ஆள் இல்லாததால் விசாரணை அன்றோடு முடிந்தது. ஆல்ரெட் பிழைத்தான்.

லாம்பர்ட்டைப் புதைக்க முடியவில்லை. குழிவெட்டிகளும் கதை சொன்னவர்கள்தான் என்பதால், அவர்கள் கை பட்டதும் குழி ரத்தத்தால் நிறைந்து நிறைந்து வழிந்தது. ஆகவே மண்டப வாசலில் ஒரு கல் பெஞ்சில் வைத்தார்கள். அழுகலும் நின்றுபோயிற்று. சாப்பிட வருகிறவர்கள் அவன் மார்பில் கை வைத்துவிட்டு, பக்கத்தில் தொங்கிய துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போவது சில வருடங்களில் வழக்கமாகிவிட்டது. ஆல்ரெட் பிஷப் ஆனான். கை மோதிரம்வரை நனையும், துடைத்துக்கொண்டு உணவை ஆசீர்வதிப்பான். ராணி பக்கம் திரும்பமாட்டான். அவள் அதற்கும் பழகிக்கொண்டாள். ராணியை ஏன் விட்டுவைத்தார் என்று அரசரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கை நனைந்தவர்களைப் பற்றி யாருக்கும் பயமில்லை, பேசியவர்கள்தானே, குத்தியவர்கள் இல்லை. அரசரும் ஹேமோவும் காய்ந்த கையோடு உள்ளே வரும்போதுதான் எல்லோரும் முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்வார்கள். அந்தப் பயத்திலேயே, அரசர் இறந்த வருடம், கதையே தெரியாததால் கை காய்ந்திருந்த ஒரு ஃபிளாண்டர்ஸ் நாட்டு வியாபாரியைப் படிக்கட்டில் வைத்துக் குத்திக் கொன்றார்கள்.

அடுத்த அரசர் நவாரா நாட்டிலிருந்து சான்சா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். வந்த அன்று அவளும் கை வைத்தாள். ஒன்றும் வரவில்லை. பந்தியில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியானது. சிலர் கத்தியை மேசைமேல் எடுத்து வைத்தார்கள். அந்தப் பெண் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, பிறகு அழ ஆரம்பித்தாள். ஏவிஸுக்கு அப்போது தலை முழுக்க நரைத்திருந்தது. மரத்தில் தொங்கியவர்களுக்காக, லாம்பர்ட்டைப் பற்றி இனி ஒரு சொல் சொல்வதில்லை என்று இருந்தவள் அவள். அவள் எழுந்து சான்சாவை ஜன்னலோரம் கூட்டிப்போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, லாம்பர்ட் எப்படிக் கயிறு கட்டி ராணியின் அறைக்கு ஏறி வந்தான் என்பதை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். சொல்லும்போது ஏவிஸின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. சான்சா அதைத் தன் தோழியிடம் சொல்லும்வரை ஏவிஸ் பக்கத்திலேயே இருந்தாள். மறுநாள் சான்சாவின் கை மணிக்கட்டுவரை நனைந்தது. பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள், அவளும் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.