குழாயில் நின்ற வரிகள்

"மெசேஜ் ஒண்ணும் வரலையே மிஸ், பிள்ளைங்களத் தூங்க வச்சிரவா?" என்று நிஷாந்தினி தொலைபேசியில் கேட்டபோது, கம்சலா கணினித் திரையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். திரை கறுப்பாக, ஒரு வரியும் விழாமல் கிடந்தது.

"வரலன்னா பயமில்ல. தூங்க வைங்க."

"அப்ப போன் சத்தத்தயும் கொறச்சிடுறேன். ஒண்ணு முழிச்சா அத்தனயும் முழிச்சிக்கும். கொழுந்துக்குப் போற பாக்கியலெட்சுமி அக்கா ஒங்ககிட்ட கேக்கச் சொன்னிச்சு, இந்த மழைக்கும் அரப்பேரு வாங்கித் தருவீங்களான்னு."

"அவங்க இன்னும் மறக்கலையா?"

"சாகுற வரைக்கும் மறக்காது மிஸ்."

இருவரும் சிரித்தார்கள். பெரகலைக்குக் கீழே ஒரு தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் நிஷாந்தினி. கம்சலா பதுளையில், மண்சரிவு அபாயத்தைத் தொலைபேசிக்கு அறிவிக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்தாள். போன வருடம் தூறலுக்கெல்லாம் எச்சரிக்கை போனது. பெண்கள் வேலையை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி ஓடிவந்தார்கள். ஒன்றும் சரியவில்லை. அன்றைக்கு அவர்களுக்குப் பாதிச் சம்பளம், அதாவது அரைப்பேர்தான் விழுந்தது. தோட்டத்திலிருந்து புகார் வந்த பிறகு, பெருமழைக்கு மட்டும் செய்தி போகும்படி கம்சலா இந்த ஆடி மாதத்தில் ஒரு வடிகட்டியைச் சேர்த்தாள். அதற்குப் பிறகு இந்த ஐப்பசி வரை பெருமழையே இல்லை.

அவள் கட்டியிருந்த அமைப்பை யாருக்கு விளக்கினாலும் அவள் முகம் மலர்ந்துவிடும். மலைகளில் நட்டிருக்கும் மழைமானிகள் அரைமணிக்கு ஒருமுறை தங்கள் அளவைத் தரவுத்தளத்துக்கு அனுப்பும். தரவுத்தளம் எந்த மாற்றத்தையும் முதலில் தனக்கான ஒரு குறிப்பில் எழுதிக்கொண்டுதான் அட்டவணையில் பதியும். திடீரென்று மின்சாரம் போனால் விட்ட இடத்தைக் கண்டுபிடிக்க. அந்தக் குறிப்புக்குக் காது கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும், போய்க் கேட்காமலே ஒவ்வொரு மாற்றமும் ஒரு வரியாக வந்து விழும். அந்த வரி ஒரு குழாய் வழியே வடிகட்டிக்குப் போகும். வடிகட்டி அபாய அளவைத் தாண்டியதை மட்டும் அடுத்த குழாயில் விடும். அங்கே காத்திருக்கும் இன்னொரு நிரல் அதை தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயத்து வீடுகளின் தொலைபேசிகளுக்கு அனுப்பும். தனக்குரிய ஒரு வேலையை மட்டும் அறிந்த மூன்று சின்ன நிரல்கள். கட்டளை வரியில் அவற்றுக்கு நடுவே ஒரு நெட்டைக்கோடு போட்டால் ஒன்றின் வாய் மற்றதன் காதோடு பொருந்திவிடும்.

மழைமானி துப்புரவு செய்யப் போயிருந்த முன்ஸிப் அழைத்தார். அதே அலுவலகத்துக்காரர்; அண்ணன் முறையில் அவள் அவரை நானா என்பாள்.

"தங்கச்சி, நான் பெரகல சந்தியில ஒரு கடைக்குள்ள நிக்கிறன். ரோட்டால வாறது தண்ணியில்ல, சேத்துக் குழம்பு. எத்தின மெசேஜ் போச்சி?"

"ஒண்ணும் போகல நானா."

"பகிடி விடாதீங்க."

"உண்மையாத்தான். திரையில ஒண்ணுமே இல்ல."

அவருக்குப் பின்னால் யாரோ கடைக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

கம்சலா குழாயை விட்டுவிட்டு நேரே அட்டவணையைத் திறந்தாள். பிள்ளைக்காம்பராவுக்கு மேலே நிற்கும் மழைமானியின் அளவு அங்கே இருந்தது. காலையிலேயே அபாயக் கோட்டைத் தாண்டி, அரைமணிக்கு அரைமணி ஏறிக்கொண்டே வந்திருந்தது. மானி பொய் சொல்லவில்லை, தரவுத்தளமும் எதையும் தவறவிடவில்லை. இன்னொரு சாளரத்தில் அதே மாற்றங்களை அதே வடிகட்டியில் விட்டு, முடிவைத் திரைக்கே வரும்படி செய்து பார்த்தாள். வரிகள் தடதடவென்று விழுந்தன. அனுப்பும் நிரலுக்குப் போகும் குழாயில் மட்டும் ஒன்றுமில்லை.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கொழுந்து பறிப்பவள் ஒவ்வொரு கொழுந்தாக நிறுவைக்குத் தூக்கிக்கொண்டு போகமாட்டாள்; கூடை நிறைந்த பிறகுதான் போவாள். வடிகட்டியும் அப்படித்தான். தன் வெளியீட்டைத் திரையில் மனிதன் பார்க்கிறான் என்றால் வரிவரியாகக் கொடுக்கும். இன்னொரு நிரலுக்குக் கொடுப்பதென்றால், வேகத்துக்காக, தன் கூடை நிறையும்வரை சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆடி மாதத்தில் அவள் ஒரு மழைக்காலத்தின் பதிவுகளை மொத்தமாகக் கொட்டிச் சோதித்தாள். கூடை நொடியில் நிறைந்து நொடியில் காலியானது. முன்ஸிப் கூடக் கைதட்டினார். இன்றோ ஒரு மானியிலிருந்து அரைமணிக்கு ஒரு வரிதான். கூடை நிறைய நள்ளிரவு தாண்டும்.

"நானா, எச்சரிக்கை எல்லாம் இங்கயே நிக்குது. வெளிய போகல. என்னோட பிழை."

"பிழைய பொறகு பாப்பம். தோட்டத்து ஆபீஸுக்கு கோல் எடுத்துச் சொல்லுங்க. நான் த்ரீவீல் ஒண்டு புடிச்சி கீழ எறங்கப் பாக்கிறன்."

தோட்டத்து அலுவலக எண் ஓயாமல் வேறு அழைப்பிலேயே இருந்தது. நிஷாந்தினியின் எண் அடித்து அடித்து நின்றது. சத்தத்தைக் குறைத்திருப்பாள். கம்சலா மாற்றங்கள் வரும் வாயை அப்படியே நிறுத்தினாள். இனி எதுவும் வராது என்று தெரிந்ததும் வடிகட்டி கையில் வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. காலை எச்சரிக்கை, அதற்கடுத்தது, அதற்கடுத்தது எல்லாம் ஒன்றாக மலையிறங்கிப் போயின. இனி வரிவரியாகவே விடும்படி வடிகட்டிக்கு ஒரு சொல் சேர்த்து, எல்லாவற்றையும் மறுபடி ஓடவிட்டாள். ஒரு சொல். அவ்வளவுதான் தேவையாக இருந்தது.

கைப்பேசி அதிர்ந்தது.

"மிஸ், போன் அலமாரியில துள்ளிக்கிட்டு கெடந்திச்சு. ஒரே நேரத்துல இத்தன மெசேஜ். மொதல்ல உள்ளது காலயில நேரம் போட்டிருக்கு. எத நம்புறது?"

"எல்லாத்தயும் நம்புங்க. பிள்ளைகளத் தூக்கிட்டு இப்பவே வெளிய போங்க. கோயில் பக்கம், மேட்டுக்கு."

"வரலன்னா பயமில்லன்னு சொன்னீங்களே."

"நான் சொன்னது தப்பு. போங்க நிஷாந்தினி."

"நானும் ஒத்தாசைக்கு இருக்கிற பெரியாயி அக்காவும்தான் இருக்கோம். ரெண்டு பேரு எத்தனயத் தூக்குறது? அம்மாமாரெல்லாம் அடுத்த மலையில." பிறகு, கைப்பேசியை விலக்கிவிட்டு அவள் போட்ட குரல்: "அக்கா, எழுப்பாதீங்க, அப்பிடியே அள்ளுங்க!"

அழைப்பு துண்டிக்கப்படவில்லை. சட்டைக்குள் செருகியிருப்பாள் போல. கம்சலா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மற்ற எல்லாவற்றையும் மூடியது. அதற்கடியில் ஒரு குழந்தை சிணுங்கியது. பிறகு தகரச் சத்தம் சட்டென்று நின்றது. வெறும் மழை, மூச்சிரைப்பு, சேற்றில் கால் புதைந்து எழும் சத்தம். வெளியே வந்துவிட்டார்கள்.

திரையில் அந்த அரைமணிக்கான வரிகள் இப்போது தடையில்லாமல் ஒவ்வொன்றாக விழுந்தன. அப்புத்தளை வந்தது. வெலிமடை வந்தது. பிள்ளைக்காம்பராவுக்கு மேலே நிற்கும் மானியின் வரி வரவில்லை. அவள் காத்திருந்தாள். மற்ற எல்லா மானிகளின் வரிகளும் வந்து முடிந்தன. காலையிலிருந்து ஒருமுறைகூடத் தவறாத அந்த மானி நின்ற மண்ணே சரிந்துவிட்டதோ? கடைசி வரிக்குக் கீழே சுட்டி மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"இவங்கள இங்கயே புடிச்சிக்கிட்டு இருங்கக்கா, மிச்சப் பிள்ளைங்களயும் எடுத்துக்கிட்டு வந்திடுறேன்," என்றது கைப்பேசிக்குள் நிஷாந்தினியின் குரல், எங்கோ தூரத்திலிருந்து போல.

"நிஷாந்தினி, நில்லுங்க! நிஷாந்தினி!"

ஓடும் காலடிகள். மழை. பிறகு மறுபடியும், மிக அருகில், தகரத்தின் மேல் மழை.