நாண் ஏற்றிய நேரம்

நாணை முன்னாடியே இழுத்து வைத்திருந்தேன் என்று சொல்லிவிடலாமா, இல்லை சத்தம் கேட்ட பிறகுதான் இழுத்தேன் என்றா... எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வான் போலிருக்கிறது, மேசைக்கு அந்தப் பக்கம் போலீஸ்காரம்மா அவசரமே இல்லாமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள், மேசைமேல் பிளாஸ்டிக் பைக்குள் அவனுடைய குறுக்குவில், துப்பாக்கிக் கட்டையில் வில்லைப் படுக்கப் போட்ட மாதிரி, கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் என்ன மிடுக்காக இருந்தது, இங்கே காற்றில் உடைந்த குடை மாதிரி கிடக்கிறது. வாசலில் நின்ற இன்னொரு போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, "ஏன் சார், ஈட்டி கேடயமெல்லாம் வீட்டுல இருக்கா, இல்ல இதோட சரியா?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சிரிக்கவில்லை, அவன் சிரித்துவிட்டான், எதற்குச் சிரித்துத் தொலைத்தோம் என்று உடனே உடம்பு கூசியது.

"வச்சிருக்கறது தப்பில்ல சார்," என்றாள் அந்தம்மா. "குறி பாத்து அடிச்சு விளையாடறவங்க வச்சிருக்காங்க. ஆனா ஆள் வந்தா அடிக்கணும்னு இழுத்து, அம்பு போட்டு, தயாரா வச்சிருந்தீங்கன்னா அது வேற கேஸ். அதான் கேக்கறேன், எப்ப இழுத்தீங்க?"

எப்போது இழுத்தான்... எதிர்வீட்டில் திருடு போன வாரம் வாங்கியது, விளையாட்டுக்கு என்று கடைக்காரனிடம் சொன்னான், மனைவியிடமும் அதையேதான் சொன்னான், "ஓடிப் போய் பஸ்ஸப் பிடிக்க முடியல, உங்களுக்கு விளையாட்டு ஒரு கேடா" என்று அன்றைக்கு அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பகலெல்லாம் தூங்குகிறவன், சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று அவளும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், நாளைக்கு நாளைக்கு என்றே தள்ளினான், கடைசியில் அலுத்துப்போய்த் தன் சாவியைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள், பின்கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத்தான் சாவியைத் திருப்ப வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டாள். அவ்வளவுதான். நட்ட நடுப்பகலில் பூட்டை யாரோ நோண்டுகிற சத்தம், பையில் இரும்பு இடிபடுகிற சத்தம், மெல்லிய பலகைக் கதவு, அம்பு அதைத் துளைத்துக்கொண்டு போய் மைத்துனன் தோளில் இறங்கியது. அந்தப் பையன் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், "மாமா தூக்கக் கலக்கத்துல இருந்தாரு, அவரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றானாம். திட்டியிருக்கலாம் அவன். நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் இப்படித் தலை தொங்காது.

"என்னங்க," மனைவி குரலைத் தாழ்த்தினாள், "பயத்துல என்ன பண்றோம்னே தெரியலன்னு சொல்லுங்க." கெஞ்சுகிறாளா... இல்லை, அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள், தம்பி முகத்தில் முழிக்க அவளுக்கு அது வேண்டும்.

"சத்தம் கேட்டப்புறம்தான் இழுத்தேன்," என்றான்.

"எப்படி இழுப்பீங்க?"

முன்னால் இருக்கிற வளையத்தில் காலை விட்டு மிதித்து, குனிந்து, இரண்டு கையாலும் டக்கென்று மாட்டும்வரை மேலே இழுக்கணும், அப்புறம் அம்பை எடுத்து வைக்கணும் என்று விளக்கினான், விளக்க விளக்கத் தன் குரலில் ஒரு சுறுசுறுப்பு ஏறுவது அவன் காதிலேயே விழுந்து, பாதியில் நிறுத்தினான்.

"அவ்வளவு நேரம் இருந்துச்சே சார். யாருன்னு ஒரு வார்த்தை கேக்கலையா?"

மனைவி காலையிலிருந்து முதல் தடவையாக அவன் பக்கம் திரும்பினாள். பயம்தான் மேடம் என்று சொல்ல வாயெடுத்தான், ஆனால் பயம் எங்கே இருந்தது, படுக்கையில் இருந்தது, முதல் சத்தத்தில் இருந்தது, இழுத்து மாட்டிய பிறகு இருந்ததா... வெறுங்காலோடு பின்கதவுப் பக்கம் நடையில் போகும்போது நெஞ்சு அகலமாகி இருந்தது, கை நடுங்கவே இல்லை, வந்துட்டான்யா, கடைசியில் வந்தேவிட்டான் என்று ஒரு குஷி... யாரு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்ததும் இப்போது ஞாபகம் வருகிறது, வந்ததை அவன் விழுங்கினான், கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும், தெரிந்த குரலாக இருந்தால் வில்லைக் கீழே வைக்க வேண்டியிருக்கும்.

"கேக்கல," என்றான்.

"ஏன்?" என்று கேட்டது போலீஸ்காரம்மா இல்லை.