“நீங்க” என்றாள் ரொமானா

“ஐயா, நீங்க நல்லா இருக்கீங்களா?”

ரொமானா கேட்டதும் சூப் ஊற்றிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது.

எங்கள் மலையில் ஒரு வழக்கம். ஆயிரம் மீட்டர் உயரத்தைத் தாண்டிவிட்டால் யாரும் யாரிடமும் ‘நீங்க’ போட்டுப் பேசக் கூடாது. மந்திரியானாலும் பால்காரனானாலும் ‘நீ’தான். மரியாதையை எல்லாம் கீழே ரோப் கார் ஏறும் இடத்திலேயே கழற்றி வைத்துவிட வேண்டும்.

ரொமானாவுக்கு இது தெரியாதா? ஒன்பது வருஷமாக அக்டோபர் தவறாமல் இங்கேயுள்ள ஆறு ஏரிகளைச் சுற்ற வருகிறவள். என் விடுதி வாசலில் கால் வைக்கும்போதே, “டேய் வெண்டலின், இன்னும் உயிரோடவா இருக்கே?” என்று கத்துகிறவள்.

இன்று அவளோடு புதுக் கணவன். எக்கார்ட். வியன்னாக்காரன். புத்தம் புது பூட்ஸ். அவன் கை அவள் பின்கழுத்தில் இருந்தது. எடுக்கவே இல்லை.

“யாருடி அது ‘நீங்க’? கல்யாணம் ஆனதும் மகாராணி ஆயிட்டியா?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “மன்னிக்கணும் ஐயா. உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா ரெண்டு சூப் கொடுங்க.”

“என் மனைவி மரியாதை தெரிஞ்சவ,” என்று எக்கார்ட் சிரித்தான். “கருப்பு ஏரிக்கு எப்படிங்க போகணும்?”

“நேர் பாதைதான், ஆறாவது ஏரி. ஆனா இன்னிக்கு வேணாம். ரெண்டு மணிக்கு மூடுபனி இறங்கிடும்.”

“அதுக்குள்ள முடிச்சிடுவோம்.”

சூப்பைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஆத்திரம். சமையலறைக்குள் போனேன். சுற்றுலாப் பருவத்தின் கடைசி நாள். என் மனைவி பூர்கி பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“ரொமானா என்னை ஐயாங்கறா. நீங்கங்கறா. வியன்னாக் கொழுப்பு!”

“உன்னையா? ஐயாவா?” பூர்கி விழுந்து விழுந்து சிரித்தாள். “கண்ணாடி பாத்து எத்தனை நாளாச்சு?” சட்டென்று சிரிப்பு நின்றது. “வெண்டலின், அவன் பக்கத்துலயே இருந்தானா?”

“ஒட்டிக்கிட்டே நின்னான்.”

“அட மடையா! அவனுக்குப் புரியாம, உனக்கு மட்டும் புரியற மாதிரி, ஆபத்துன்னு அவ வேற எப்படிச் சொல்லுவா?”

ஓடினேன்.

மேய்ச்சல் மாடுகளைச் செப்டம்பரிலேயே கீழே இறக்கியாகிவிட்டது. பீடபூமியில் ஒரு ஜீவன் இல்லை. புல் துருப்பிடித்த நிறம். முதல் ஏரியின் ஓரத்தில் கண்ணாடித்தாள் போலப் பனி உறைந்திருந்தது. நான்காவது ஏரியைக் கடக்கும்போதே மூடுபனி மேற்கே எழும்பிவிட்டது. அரை மணி நேரம் முன்னதாக.

கருப்பு ஏரிக்கு மேலே ஒரு பாறை விளிம்பு. நாற்பது மீட்டர் கீழே தண்ணீர். விளிம்பில் ரொமானா, ஏரிக்கு முதுகு காட்டி நின்றாள். எதிரே எக்கார்ட், போனை உயர்த்திப் பிடித்தபடி.

“இன்னும் ஒரு அடி பின்னால போ, செல்லம். போட்டோவில தலை வெட்டுப்படுது.”

“ஏய்!” என்று கத்தினேன், முடிந்த அளவு உற்சாகமாக. “மூடுபனி வந்துடுச்சு! ரோப் காரை நிறுத்தப் போறாங்க. ரெண்டு பேரும் கிளம்புங்க!”

அவன் மெதுவாகத் திரும்பினான். அதே சிரிப்பு. “நாங்களே வந்துடுவோம். நீங்க போங்க.”

“விருந்தாளியை விட்டுட்டுப் போனா என் பொண்டாட்டி என் தோலை உரிச்சிடுவா. நீ முன்னால நட.”

அவன் முன்னால். நடுவில் நான். என் பையின் வாரைப் பிடித்தபடி ரொமானா. பத்து நிமிஷத்தில் வெள்ளை எங்களை விழுங்கிவிட்டது. என் பூட்ஸ் எனக்கே தெரியவில்லை.

“காலையிலேயே என் போனைப் பிடுங்கிட்டான்,” என்று அவள் காதருகே கிசுகிசுத்தாள். “அவன் பர்ஸைப் பாத்தேன். மேல வர ரெண்டு டிக்கெட். கீழ போக ஒண்ணுதான், வெண்டலின்.”

வாரை இன்னும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன்.

“இருக்கியா?” என்று முன்னால் குரல் கொடுத்தேன்.

“இருக்கேன்.”

மூன்றாவது ஏரியருகே மறுபடி கேட்டேன். பதில் இல்லை. காலடிச் சத்தமும் இல்லை.

பிறகு இடப்பக்கம், எங்கோ கீழேயிருந்து: “ரொமானா! விழுந்துட்டேன்! கால் உடைஞ்சிடுச்சு!”

வாரைப் பிடித்திருந்த அவள் கை தளர்ந்தது. மலையில் ஒருவன் கூப்பிட்டால் போயாக வேண்டும். எதிரியானாலும் சரி. என் கால்களே தானாகத் திரும்பின.

“அசையாதே! நான் வர்றேன்!”



“நீங்க வேணாம். அவளை மட்டும் அனுப்புங்க.”

முப்பது வருஷமாக இந்த மலையில் விழுந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன். கால் உடைந்து கிடப்பவன், வருவது பிசாசானாலும் கையை நீட்டுவான். ஆள் பார்த்துக் கூப்பிட மாட்டான்.

ரொமானாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தேன். சரளைச் சத்தம் அவனுக்குக் கேட்காதபடி பாதையை விட்டு விலகி, கரையோரச் சேற்றில் இறங்கினோம்.

“ரொமானா... வலிக்குதுடி...”

குரல் இடப்பக்கம் கேட்டது. நாங்கள் இரண்டாவது ஏரிக்கு வந்தோம். குரலும் வந்தது. முதல் ஏரிக்கு வந்தபோது அது கை எட்டும் தூரத்தில் கேட்டது. கால் உடைந்தவனின் குரல் எங்களோடு சமமாக நடந்து வந்துகொண்டிருந்தது.

எங்கோ ‘டங், டங்’ என்று பாத்திரம் அடிக்கும் சத்தம். பூர்கி! அதைக் குறிவைத்து ஓடினோம். வாசல் வெளிச்சத்தில் வாணலியும் கரண்டியுமாக அவள் நின்றிருந்தாள்.

“போலீஸுக்குச் சொல்லிட்டேன். ரோப் காரை நிறுத்த வேணாம்னுட்டேன், அடுத்ததுல வர்றாங்க. எத்தனை பேர் உள்ள வரணும்? கதவைத் திறந்து வைக்கவா?”

ரொமானாவை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக்குள் ஒரு ஜோடி பூட்ஸ், நொண்டாமல், அவசரப்படாமல், சரளைக்கற்களில் ஏறி வரும் சத்தம்.

“ரெண்டு பேர்தான்,” என்றேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.