பேர் சொல்லி வாங்கிய பிள்ளை

களைக்கொல்லி டப்பாவைக் காணோம் என்று வேடியப்பன் போனில் சொன்னபோது, மெர்லின் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்திருந்தாள்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேங்க்கா. ஆல்பர்ட்டு விடியக்காலைல வந்தான். கஞ்சி குடுத்தேன், தொடல. மாட்ட அவுத்துக் கட்டிட்டு வர்றதுக்குள்ள ஆளும் இல்ல, கொட்டாயில இருந்த டப்பாவும் இல்ல."

"தேடு வேடியப்பா. நான் வந்துக்கினே இருக்கேன்."

ஆல்பர்ட்டுக்கு இருபத்துமூன்று வயது. கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் ஆலைக்குப் போகும் வழியில் டயர் பஞ்சராகி, வண்டியை ரோட்டோரம் நிறுத்தியிருந்தான். பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஒரு கிளையை ஒடித்துப் போட்டு மறித்து வைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. பைக்கில் வந்த இளவரசன் என்ற ஆள் நேராக டிரெய்லரில் இருந்த கரும்புக்குள் வந்து மோதினான். ரத்தத்தைப் பார்த்ததும் ஆல்பர்ட் ஓடிவிட்டான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அந்த வழியாக வந்த வேறு யாரோ. சேதி ராத்திரியே மெர்லினுக்கு எட்டியது; அடிபட்டவன் பிழைத்தானா என்பது மட்டும் தெரியவில்லை.

காலையில் மெர்லினுக்கு அவனிடமிருந்து ஒரே ஒரு போன். "பெரிம்மா, எனக்காக செபம் பண்ணுங்க." அதற்குமேல் பேசவில்லை. திரும்பக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். மலையில் ஆல்பர்ட்டுக்கு இருக்கும் ஒரே சினேகிதன் வேடியப்பன்; அங்கேதான் போயிருப்பான் என்று வேடியப்பனுக்குப் போன் போட்டாள்.

மெர்லின் ஆல்பர்ட்டின் ஞானத்தாய். மூன்று முறை கரு கலைந்து, புருஷனும் விட்டுப்போன வருஷம்தான் அவன் பிறந்தான். அவளுடைய தோழி ஆல்பர்ட்டைப் பெற்ற ஒன்பதாம் நாள் இறந்துபோனாள். ஞானஸ்நானத் தொட்டியருகே பேரைச் சொல்லிக் குழந்தையை ஏந்தி நின்றவள் மெர்லின்தான். பிள்ளை இல்லாதவளுக்கு ஏதோ ஓர் ஆறுதல் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். அவளும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தாள். அங்கன்வாடி வேலை முடிந்து வந்து அவனுக்குச் செப மந்திரம் சொல்லிக்கொடுத்தாள். முதன்முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தாள். காய்ச்சல் வந்தால் ராவெல்லாம் விழித்தாள். இருந்தாலும் தன்னைத் தாய் என்று சொல்லிக்கொள்ள அவளுக்குக் கூச்சம்தான்.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியது. ஜெபமாலையை எடுத்தாள். மாதாவிடம் வேண்டும் மந்திரத்தில் 'இப்பொழுதும்' என்பது வரை வாயில் வந்தது. அடுத்து 'இறப்பின் வேளையிலும்' என்று சொல்லவேண்டும். நாக்கு எழவில்லை. ஒவ்வொரு மணியிலும் அந்த இடத்தில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். வளைவுக்கு வளைவு பஸ் முனகியது. இறங்கி ஓடினால் சீக்கிரம் போய்விடலாம் போலிருந்தது.

வெள்ளிமலையில் வேடியப்பன் பைக்கோடு காத்திருந்தான். "எல்லா எடமும் பாத்துட்டேன். ஓடைப்பக்கம் மட்டுந்தான் பாக்கி."

மரவள்ளிக் காட்டைத் தாண்டி, ஓடைக்கு மேலே இருந்த பாறையில் ஆல்பர்ட் உட்கார்ந்திருந்தான். டப்பா அவன் முழங்கால்களுக்கு நடுவே இருந்தது. மூடி திறக்கவில்லை. 

"கிட்ட வராதீங்க பெரிம்மா."

"வரல." நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த ஆளு செத்துட்டாரா?"

மெர்லினுக்குத் தெரியாது. மலையில் அவள் போனுக்குச் சிக்னல் இல்லை. வேடியப்பன் பின்னாலிருந்து கிசுகிசுத்தான்: "உசுரோட கீறாருன்னு சொல்லிடுங்க்கா."

சொல்லிவிடலாம். பொய்தான், ஆனால் அவன் கை டப்பாவை விட்டுவிடும். வாய்வரை வந்துவிட்டது. நாளைக்கு அது பொய்யென்று தெரிந்தால், அப்புறம் அவன் யார் சொல்லை நம்புவான்?

"தெரியலடா," என்றாள்.

ஆல்பர்ட்டின் விரல்கள் மூடிக்குப் போயின. வேடியப்பன் ஓரடி எடுத்து வைத்தான். அவள் கையை நீட்டி அவனைத் தடுத்தாள்.

"செத்திருந்தா?"

"செத்திருந்தாலும் ஸ்டேஷனுக்கு உன்கூட வருவேன். ஜெயிலுக்குப் போனா அங்கயும் வருவேன். அவுங்க வூட்டு வாசல்ல நின்னு நீ மன்னிப்புக் கேக்கணும். அப்பவும் பக்கத்துல நிப்பேன்."

"நீங்க எதுக்குங்க? நீங்க என்னப் பெத்தவங்களா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் இருபத்துமூன்று வருஷமாகப் பயந்திருந்தாள். இப்போது பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"பெத்தவளுக்கு நீ தானா வந்த வரவு. நான் கேட்டு வாங்கினவ. சாமியாரு, சனம், உன்னப் பெத்தவளோட படம், எல்லாத்துக்கும் முன்னால உன் பேர சொல்லி வாங்கினேன். நடுவுல திருப்பிக் குடுக்கறதுக்கு வாங்கல. எனக்கு வேற புள்ள இல்ல, அது ஒரு பக்கம். இருந்தாலும் உன்ன வுட மாட்டேன். கடவுளே கேட்டாலும் இன்னிக்குக் குடுக்க மாட்டேன், புரியுதா?"

   ஆல்பர்ட் டப்பாவைக் காலால் தள்ளினான். வேடியப்பன் பாய்ந்து எடுத்துக்கொண்டான். மெர்லின் எழுந்து போய் ஆல்பர்ட்டின் தலையை மடியில் இழுத்துக்கொண்டபோது, குழந்தையைப்போல வாய்விட்டு அழுதான்.

ஜீப்பில் இறங்கும்போது பாதி மலையில் சிக்னல் வந்தது. ஊருக்குப் போன் போட்டுக் கேட்டாள்; இளவரசன் பிழைத்துவிட்டான். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆல்பர்ட் ஜீப்பை நிறுத்தச் சொல்லி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். அவள் முதுகைத் தடவிவிட்டாள். மத்தியானம் அவனே ஸ்டேஷனில் பேர் சொல்லி நின்றான்.

மறுநாள் மெர்லின் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இளவரசனின் மனைவி இலக்கியா ஒன்றரை வயதுப் பெண் குழந்தையோடு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். யாரென்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு வந்தீங்க? கேஸ வாபஸ் வாங்கச் சொல்லவா?"

"இல்லம்மா. கேஸு நடக்கட்டும். உங்களுக்கு எது வேணுமோ அதுக்கு வந்தேன்."

"ஒண்ணும் வேணாம். போங்க."

மெர்லின் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். அடுத்த நாளும் வந்தாள். கொண்டுவந்த இட்லியை இலக்கியா தொடவில்லை. மூன்றாம் நாள் உள்ளேயிருந்து நர்ஸ், கட்டுப் பிரிக்கிறோம், வீட்டுக்காரங்க வாங்க என்று கூப்பிட்டாள். இலக்கியா குழந்தையோடு எழுந்தாள், தயங்கினாள், சுற்றும்முற்றும் பார்த்தாள். தெரிந்த முகம் வேறு எதுவும் இல்லை.

"தூக்கத்துல கீது," என்று சொல்லிக் குழந்தையை மெர்லினின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.