பிரிட்ஜுக்குள் பன்னீர் ரோஜா

வேலாத்தாளின் பிரிட்ஜுக்கு ஒரு சாவி உண்டு. அந்தச் சாவி அவள் இடுப்பை விட்டு இறங்கியதை நல்லூரில் யாரும் பார்த்ததில்லை. எந்தக் காலத்திலோ ஒரு தீபாவளிக்கு உள்ளே அடுக்கியிருந்த மைசூர்பாகில் நாலு துண்டு குறைந்துபோனதாம். எடுத்தது பெற்ற மகன் செல்வக்குமார்தான் என்பது வீட்டுக்குப் பின்னால் அவள் வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளில் குடியிருந்த ஆறு குடும்பத்துக்கும் தெரியும். ஆனாலும் பூட்டு என்னவோ எல்லோருக்கும் சேர்த்துத்தான் விழுந்தது.

ஆகவே அந்தச் சித்திரையில் வேலாத்தாள் கர்ப்பப்பை ஆப்பரேசனுக்காகக் கோயமுத்தூர் போனபோது சாவியும் கூடவே போனது. உள்ளே பால் தயிராகி, தயிர் வேறு என்னமோ ஆகிக்கொண்டிருக்க, செல்வக்குமார் பிரிட்ஜைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சாவி கேட்கும் தைரியம் அவனுக்கு வரவில்லை.

அவனுக்கு அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. வாசல் பக்கத்து ஷெட்டில் எட்டு தையல் மிசின் போட்டு, பனியன் கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தான். மின்வெட்டு நேரமெல்லாம் மிசின் நின்றது, மிசின் நின்றால் டெய்லர்கள் வேறு கம்பெனி பார்த்துப் போனார்கள். அம்மா ஊரில் இல்லாத சமயமாகப் பார்த்து ஜெனரேட்டர் ஒன்றைப் பேசி முடித்தான். அதை வைக்க சிமெண்ட் மேடை வேண்டும். முற்றத்தில் இருந்த ஒரே மண் தரை, போர் குழாய்க்குப் பக்கத்தில் பன்னீர் ரோஜா நின்ற நாலடி இடம்தான்.

லைன் வீட்டில் குடியிருந்த நாகஜோதி காலையில் வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தபோது செடி மணல் குவியலின்மேல் கிடந்தது. வேரோடு வந்திருந்தாலாவது எங்கேயாவது ஊன்றிப் பார்க்கலாம். கடப்பாரை தண்டைத் தனியாகப் பிய்த்துவிட்டது. வேர் இருந்த குழியில் ஜல்லி கொட்டியாகிவிட்டது.

"என்ன தம்பி இப்படிப் பண்ணிப்போட்டீக?" என்றாள்.

"அம்மாவுக்கு நர்சரியில இருந்து நாலு செடி வாங்கித் தந்துர்றனுங்க்கா. இதுல முள்ளுதான் ஜாஸ்தி" என்றான் செல்வக்குமார். கெட்டவன் இல்லை. அது என்ன செடி என்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பெற்ற பிள்ளையிடம் சொல்லாததைச் சில பெண்கள் குடியிருக்க வந்தவளிடம் சொல்லிவிடுகிறார்கள்.

நாகஜோதிக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். கணவன் ஜெயபாண்டி டெய்லர், அவள் பனியன் கம்பெனியில் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை. எட்டு வருடம் முன்னால் வந்த புதிதில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்த படுக்கையானாள். ஜெயபாண்டி ஷிப்டுக்குப் போனபின் ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. அப்போது வேலாத்தாள் தினமும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி எடுத்துக்கொண்டு வந்து, "வாயத் தொற, சாகறதுக்கா இத்தன தூரம் வந்தே?" என்று திட்டிக்கொண்டே ஊற்றினாள். பத்து நாளைக்கு ஒருமுறை வரும் நல்ல தண்ணீரில் தான் பிடித்துச் சேர்த்து வைத்த பங்கிலிருந்து தினம் ஒரு குடம் அவள் வாசலில் வைத்தாள். அந்த ஊரில் அடுத்தவருக்கு நல்ல தண்ணீர் கொடுப்பவர்களைக் கோயில் கட்டித்தான் கும்பிட வேண்டும்.

அந்தப் படுக்கையருகில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்தான் வேலாத்தாள் ரோஜாவைப் பற்றிச் சொன்னாள். "முப்பது வருசம் குடித்தனம் பண்ணுன மனுசன், ஒரு முழம் பூ வாங்கிக் குடுத்ததில்ல கண்ணு. திடீர்னு ஒரு வருசம் அவிநாசித் தேருக்குப் போனவரு, தேர்க்கடையில இருந்து இந்தச் செடிய வாங்கியாந்து நட்டாரு. ஏனுங்க இதுன்னு கேட்டேன். உனக்குத்தான், பூத்தா வெச்சுக்கோன்னாரு. மொட்டு வெக்கறதுக்குள்ள போய்ச் சேந்துட்டாரு."

தாலியறுத்தவள் தலையில் பூ ஏறக் கூடாது. அதனால் அன்று முதல் பூக்கிற பூவெல்லாம் புருசன் அங்கமுத்துவின் போட்டோவுக்குத்தான் போனது. தனக்கென்று புருசன் வைத்த செடியின் பூவில் ஒன்றைக்கூட வேலாத்தாள் தலையில் வைத்ததில்லை.

இதெல்லாம் நெஞ்சில் முட்ட, நாகஜோதி சாப்பாட்டுப் பையை இறக்கி வைத்தாள். வீட்டுக்குள் போய் நூல் வெட்டும் கத்தரியை எடுத்து வந்து, இன்னும் பச்சையாக இருந்த கிளைகளில் பென்சில் பருமனில் எட்டுக் குச்சி வெட்டிக்கொண்டாள். கம்பெனிக்குக் கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அன்றுதான்.

வெட்டியாகிவிட்டது, நடுவது எங்கே? முற்றம் பூராவும் சிமெண்ட். போர் தண்ணீரோ கைகழுவினால் கையில் வெள்ளை பூக்கும் உப்பு. போன வருடம் இதே செடியில் ஒரு குச்சியை ஒடித்துத் தன் வாசலில் வைத்து, விவரம் தெரியாமல் போர் தண்ணீரை ஊற்றி, ஒரே வாரத்தில் அதைக் கருக்கியிருந்தாள். பக்கத்து டேபிளில் வேலை செய்த அன்புசெல்விக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் தோட்டம். அவளிடம் குச்சிகளைக் காட்டினாள்.

"ஐயோ அக்கா, இந்த வெய்யில்ல நட்டீங்கன்னா வெந்துரும்" என்றாள் அன்புசெல்வி. "எலைய எல்லாம் கிள்ளிப்போட்டு, ஈரத்துணியில சுத்தி, கவர்ல போட்டுப் பிரிட்ஜுல வெச்சிருங்க. செடி தூங்கற மாதிரி அப்படியே கெடக்கும். ஒரு மழ பேஞ்சு சூடு தணியட்டும், நான் செம்மண்ணு கொண்டாறேன். ஆனா ஒண்ணுங்க்கா, ஐஸ் கட்டற எடத்துல மட்டும் வெச்சுறாதீங்க, செத்துப்போயிரும்."

பிரிட்ஜுக்கு எங்கே போவது? இருக்கிற ஒன்றின் சாவி கோயமுத்தூரில் இருந்தது. கடைசியில் கம்பெனியின் சாம்பிள் ரூம்தான் கதி என்று ஆனது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் வந்தால் கூல் டிரிங்ஸ் கொடுக்க அங்கே ஒரு பிரிட்ஜ் இருந்தது. அதற்குப் பொறுப்பு சாம்பிள் மாஸ்டர் ராக்கையா, தெற்கத்தி ஆள்.

"ரெண்டாவது தட்டுல ஓரமா வச்சுக்க தாயி. யாரும் கேட்டா எனக்குத் தெரியாது" என்றார் அவர்.

நாகஜோதி வெட்டு வேஸ்டில் ஒரு பனியன் துண்டை எடுத்து நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். குச்சிகளைச் சுற்றி, பாலிபேக்கில் போட்டு வாயை மடித்தாள். அதோடு விட்டிருக்கலாம். யாராவது தூக்கி எறிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, தன் புத்தியை எல்லாம் திரட்டி ஒரு காரியம் செய்தாள். அந்தக் கம்பெனியில் முதலாளியின் செருப்பைக்கூட நகர்த்தி வைப்பார்கள், 'அப்ரூவ்டு சாம்பிள்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பொருளை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அந்தச் சிவப்பு ஸ்டிக்கரில் ஒன்றை எடுத்துக் கவரின்மேல் ஒட்டினாள். ஒட்டிவிட்டுத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

தினமும் மதிய இடைவேளையில் போய்க் கவரைப் பிரித்துத் துணியின் ஈரத்தைத் தொட்டுப் பார்ப்பாள். எட்டு நாள் பழுதில்லாமல் போனது. ஒன்பதாம் நாள் காலையிலேயே போன கரண்ட் மத்தியானம்வரை வரவில்லை. கம்பெனி ஜெனரேட்டர் மிசின்களுக்கு மட்டும்தான், பிரிட்ஜுக்கு இல்லை. நாகஜோதி போனபோது பிரிட்ஜ் வாயைத் திறந்துகொண்டு நின்றது. கீழே தண்ணீரைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள் கூட்டிப் பெருக்கும் பழனாயி.

"இதுக்குள்ள ஒரு கவர் இருந்துதே, எங்கக்கா?"

"சாம்பிளா? அத நனைய விடுவனா கண்ணு? பத்தரமா சாம்பிள் டேபிள்ல வெச்சுட்டனே" என்றாள் பழனாயி பெருமையாக.

டேபிளில் ஒன்றுமில்லை. பையருக்குப் போக வேண்டிய சாம்பிள்கள் அரைமணி நேரம் முன்னால்தான் அட்டைப்பெட்டியில் கட்டப்பட்டுக் கூரியர் ஆபீசுக்குப் போயிருந்தன. ஸ்டிக்கர் ஒட்டியதெல்லாம் உள்ளே போயிருந்தது.

நாகஜோதி அழுதுகொண்டே ராக்கையாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் சாப்பாட்டுக் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"அடிப்பாவி மகளே! ஆறு டீசர்ட்டோட ஒரு கட்டு முள்ளுக்குச்சியும் போயி எறங்குச்சுன்னா என் பொழப்பு என்னத்துக்காகும்? ஏறு வண்டியில!"

அவருடைய டிவிஎஸ் வண்டி அன்று போன வேகத்தில் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை. வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினார். வேலாத்தாள் திரும்பி வந்து வாசலில் நின்று பார்க்கப்போகும் அந்தச் சிமெண்ட் மேடைதான் நாகஜோதியின் கண்முன் நின்றது. இந்தக் கட்டும் போனால் அந்த அம்மாவுக்குப் புருசன் கொடுத்ததென்று உலகத்தில் ஒன்றுமில்லை.

பெட்டி எடை போடப்பட்டு, வண்டியில் ஏற்ற வரிசையில் இருந்தது. கூரியர்க்காரரிடம் கெஞ்சி, கையெழுத்துப் போட்டு, டேப்பைக் கிழித்தார் ராக்கையா. ஆறு டீசர்ட்டுக்கும் அடியில், சிவப்பு ஸ்டிக்கரோடு ஏழாவது கவர் இருந்தது. நாகஜோதி அதை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டாள். ராக்கையா நடைபாதையில் உட்கார்ந்து, கோபம் எல்லாம் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எந்த சைஸ்னு கேட்டு மெயில் போட்டிருப்பான் தாயி" என்றார்.

திரும்பும் வழியில் ஒரு பெட்டிக்கடையில் ஐஸ் தண்ணீர் பாக்கெட் இரண்டு வாங்கி, "கரண்டு வர்ற மட்டும் இதுக்கு நடுவுல வச்சுக்க" என்று கொடுத்தார். கம்பெனியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் இருக்கும் திசையைப் பார்த்து நாகஜோதி மனசுக்குள் எத்தனை முறை கும்பிட்டாளோ, கணக்கில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வேலாத்தாள் வந்து இறங்கினாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். காரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஜெனரேட்டரைப் பார்த்தாள், அதன் கீழே மேடையைப் பார்த்தாள். கத்துவாள் என்று செல்வக்குமார் நாலடி தள்ளி நின்றான். அவள் கத்தவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

"நல்லதாப் போச்சு, ஊடு இருட்டா இருக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

நாகஜோதி முந்தின நாள் வேலை முடியும்போதே கம்பெனியிலிருந்து அந்தக் கவரை எடுத்து வந்து, குளிர்ச்சிக்காக மண்பானைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அதைக் கொண்டுபோய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அம்மா, இங்க திரும்புங்க" என்று பனியன் துணியைப் பிரித்தாள். எட்டில் இரண்டு கறுத்திருந்தன. மற்ற ஆறும் பச்சை. ஒன்றில் கணுவுக்குப் பக்கத்தில் கடுகு அளவில் சிவப்பாக ஒரு முளை.

வேலாத்தாள் அந்த முளையை விரல் நுனியால் தொட்டாள். "இது..."

"அதேதாம்மா. பிரிட்ஜுல வச்சிருந்தேன்."

"ஆரு பிரிட்ஜுல?"

நாகஜோதி ஸ்டிக்கர் கதையிலிருந்து டிவிஎஸ் வண்டி வரைக்கும் சொன்னாள். சொல்லச் சொல்ல வேலாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதடி, வலிக்குது" என்றாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். அங்கமுத்து செத்தபோது எப்படி அழுதாள் என்று நாகஜோதிக்குத் தெரியாது, அதன்பின் அவள் அழுதது இதுதான் முதல் தடவை என்று பின்னால் அவளே சொன்னாள்.

பிறகு இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தாள். "எந்திரிச்சுக் குனிய முடியாது எனக்கு. நீயே தொறந்து, நடுத் தட்டுல வெய்யி கண்ணு. மழ வார மட்டும் சாவி உன்றகிட்டயே இருக்கட்டும்."

பிரிட்ஜைத் திறந்ததும் அடித்த வாடையில் லைன் வீடு மொத்தமும் மூக்கைப் பொத்திக்கொண்டது. செல்வக்குமாரே வாளியும் துணியுமாக வந்து கழுவினான். கழுவி முடித்துவிட்டு, "அப்பா வெச்சதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா நான் தொடுவனாம்மா?" என்று கேட்டான். வேலாத்தாள் அவன் தலையை ஒருமுறை தடவிவிட்டாள்.

அடுத்த வாரம் கோடை மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போலப் பெய்தது. அன்புசெல்வி பஸ்ஸில் ஒரு மூட்டை செம்மண் கொண்டுவந்தாள். செல்வக்குமார் காலிப் பெயிண்ட் வாளிகளுக்கு அடியில் ஓட்டை போட்டுத் தந்தான். வேலாத்தாள் நாற்காலியில் உட்கார்ந்து அதட்ட, நாகஜோதி ஆறு குச்சியையும் நட்டாள். வீட்டு ஆட்கள் குடிக்கும் குடத்திலிருந்துதான் தண்ணீர். ஆறில் மூன்று துளிர்த்தன. ஒன்று ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், ஒன்று நாகஜோதியின் வாசலில், ஒன்றை ராக்கையா கேட்டு வாங்கிப் போனார்.

ஆவணியில் ஜெனரேட்டர் பக்கத்துச் செடி முதல் பூவை விட்டது. நாகஜோதி அதைப் பறித்துக்கொண்டு உள்ளே போனாள். வேலாத்தாள் வழக்கம்போல வாங்கி, போட்டோவுக்கு வைக்கக் கையைத் தூக்கினாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா வையாதீக. அவுக இத வச்சது அவுக போட்டோவுக்கு இல்லையே. ஒங்களுக்குத்தான?"

தூக்கிய கை அப்படியே நின்றது. வேலாத்தாள் போட்டோவைப் பார்த்தாள், கையிலிருந்த பூவைப் பார்த்தாள். எட்டி, தெரு வாசலில் யாராவது நிற்கிறார்களா என்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு பூவை நாகஜோதியிடமே கொடுத்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நரைத்த கொண்டையைச் சற்றே தாழ்த்தினாள்.

நாகஜோதி தன் தலையிலிருந்த ஊசியைக் கழற்றிக் காம்பைச் செருகினாள்.

"நல்லா அழுத்திக் குத்து கண்ணு" என்றாள் வேலாத்தாள். "உழுந்துறப் போவுது."